கைல் ஃபீல்டுக்கு அப்பாவோடு போகிறேன்: காவிச் சட்டை போடலாமா?

காவிச்சட்டை_ஆஸ்டின் (21 நவம்பர் 2024)

வரும் 30ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு காலேஜ் ஸ்டேஷன் ஊரின் கைல் ஃபீல்டு மைதானத்தில் டெக்சாஸ் – டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். 2011க்குப் பிறகு இப்போதுதான் இரண்டும் மோதுகின்றன. அலுவலகத்தில் ஒருவர் போக முடியாமல் போனதால் இரண்டு டிக்கெட் என் கைக்கு வந்தது. விலையைக் கேட்காதீர்கள், மனைவியும் இங்கே வந்து படிப்பாள். அவளுக்கு அன்று இரவு வேலை. அதனால் கூட வருவது அப்பா.

அப்பாவுக்கு 68 வயது, வேலூர்ப் பக்கம். 24 வருடம் ராணுவத்தில் இருந்தவர். சர்க்கரை இருக்கிறது, இடது முழங்காலில் வலி இருக்கிறது, "நடக்க முடியுமாப்பா?" என்று கேட்டால் கோபமும் இருக்கிறது. இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் அடைந்து கிடந்து தோட்டத்துப் புல்லின் உயரத்தைக்கூட மனப்பாடம் செய்துவிட்டார்.

நான் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவன், உள்ளூர் ஆட்டங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரணி ஊருக்குப் போனதே இல்லை. எங்கள் அணியின் காவி நிறத்தில் சட்டை போட்டுப் போகலாமா? வண்டியை எங்கே விடுவது? இருக்கை மேலடுக்கில், அப்பா ஏறுவாரா? ஹோட்டல் பார்த்தேன், இரண்டு இரவு கட்டாயம் என்கிறார்கள், விலையும் தலைகீழ். அதனால் போய்விட்டு அன்றிரவே திரும்பப் போகிறோம்.

வாய்க்கால்_வரப்பு (21 நவம்பர்)

வீட்டில் பெரிய டிவி இருக்கும்தானே? கழிவறைக்கு வரிசை கிடையாது, பஜ்ஜி சூடாகக் கிடைக்கும். அறுபத்தெட்டு வயது மனிதரை லட்சம் பேர் நடுவில் கொண்டுபோய் ஏன் நிறுத்துகிறீர்கள்?

அரக்கு_09 (21 நவம்பர்)

ஹவ்டி! நான் ஏகி, அதாவது ஏ அண்ட் எம்மில் படித்தவன், 2009ஆம் வருடத்து வகுப்பு. காவிச்சட்டை, உங்கள் பல்கலைக்கழகத்தை நாங்கள் "டி.யூ." என்றுதான் சொல்வோம், அதையும் மட்டம் தட்ட ஆங்கிலச் சின்ன எழுத்தில். முதல் நாளே அதற்கெல்லாம் முகம் சுளித்தால் வராதீர்கள். மற்றபடி தாராளமாக வாருங்கள்.

சட்டை விஷயம் முதலில். உங்கள் நிறத்தைப் போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் அரக்கு நிறத்தைப் போட்டு வந்து உள்ளே போனதும் கழற்றுகிறவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்காது. காவிச் சட்டையைப் பார்த்தால் நூறு பேராவது உங்கள் அணியின் காளைக்கொம்புச் சைகையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவார்கள். சிரித்துவிட்டு நடங்கள். பாதிப் பேர் அடுத்த நொடியே "வெல்கம் டு ஏகிலேண்ட், சர்" என்பார்கள், கேலி செய்யவில்லை, உண்மையாகவே. எங்கள் ஊரில் அது ஒரு பழக்கம்.

இரண்டாவது, மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர். எல்லோரும் எம்.எஸ்.சி என்பார்கள், மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கழிவறைக்கோ காபிக்கோ எப்படியும் உள்ளே போவீர்கள். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிடுங்கள். சுற்றியுள்ள புல்லில் கால் வைக்காதீர்கள். போரில் இறந்த ஏகிகளின் நினைவுக் கட்டடம் அது, புல்லும் நினைவிடத்தில் சேர்த்திதான். தெரியாமல் செய்தால் யாராவது மரியாதையாகச் சொல்வார்கள். தெரிந்தே செய்தால் மரியாதை இருக்காது.

ஹூஸ்டன்_மாமி (22 நவம்பர்)

என் பையன் அங்கேதான் மூன்றாம் வருடம் படிக்கிறான், மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். அரக்கு தம்பி சொல்வது பகலுக்குச் சரி. ராத்திரி பதினொரு மணிக்கு நார்த்கேட் மதுக்கடைப் பக்கம், தோற்ற கூட்டத்துக்கு நடுவே காவிச் சட்டையோடு ஒரு பெரியவரை நடத்திக் கூட்டிப் போகச் சொல்கிறாரா? மேலே போட ஒரு கருப்பு ஜாக்கெட் கையில் இருக்கட்டும். பயத்துக்காக இல்லை, வீண் பேச்சைத் தவிர்க்க.

அப்புறம் பை. எஸ்.இ.சி (இரண்டு பல்கலைக்கழகமும் ஆடுகிற போட்டிக் கூட்டமைப்பு) மைதானங்கள் எல்லாவற்றிலும் கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி: 12 அங்குலம், 12 அங்குலம், அகலம் 6. இல்லையென்றால் ஒரு கேலன் ஜிப் பை. கைக்கடக்கமான சின்னப் பர்ஸ் ஒன்றும் விடுவார்கள். நம் ஆட்கள் தோளில் மாட்டுகிற துணிப்பை வாசலோடு சரி. அப்பாவின் மாத்திரை, குளுக்கோமீட்டரை ஜிப் பையில் போட்டு, மருந்துச் சீட்டையும் உள்ளேயே வையுங்கள். சாப்பாடு உள்ளே எடுத்துப் போக முடியாது. கார் டிக்கியை நிறுத்துகிற இடத்திலேயே திறந்து வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். சுற்றி எல்லோரும் பிரிஸ்கெட் மாட்டிறைச்சியைப் புகை போட்டுக்கொண்டிருப்பார்கள், நீங்கள் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் வாசனைப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டாம்.

முதலைக்குட்டி (22 நவம்பர்)

எல்.எஸ்.யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாணவன் நான். போன மாதம் 26ஆம் தேதி இதே மைதானத்துக்கு எதிரணி ரசிகனாகப் போய்வந்த புண் இன்னும் ஆறவில்லை. பாதி ஆட்டத்தில் 17–7 என்று முன்னால் இருந்தோம். மூன்றாம் குவார்ட்டரில் (ஆட்டம் நாலு குவார்ட்டர்) மார்செல் ரீட் என்ற ஆட்டக்காரனை இறக்கினார்கள். அவன் பந்தை வைத்துக்கொண்டு ஓடினான், ஓடினான், முடிவில் 38–23 என்று தோற்றோம். சரி, அதை விடுங்கள்.

மேலடுக்குக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் போர்ப்பாட்டுப் பாடும்போது, உங்கள் கொம்பை அறுப்பதாக ஒரு பகுதி வரும். அப்போது பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டுக்கொண்டு, ஒரு வரிசை இடது பக்கம், அடுத்த வரிசை வலது பக்கம் என்று லட்சம் பேரும் ரம்பம் மாதிரி ஆடுவார்கள். அப்போது மேலடுக்கும் சேர்ந்து ஆடும். என் கையில் இருந்த கோக் டம்ளரில் அலை அடித்தது. முதல் தடவை நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா "ஆடத்தான் கட்டியிருக்கிறார்கள், தம்பி" என்று சிரித்தார். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிலநடுக்கம் என்று நினைத்துவிடப் போகிறார்.

எங்கள் ஊர் பேட்டன் ரூஜுக்கு எதிரணிக்காரர்கள் வந்தால் "டைகர் பெய்ட்!" என்று முகத்துக்கு நேராகக் கத்துவோம். புலிக்கு இரை என்று அர்த்தம், எங்கள் அணியின் பெயர் டைகர்ஸ். கத்தி முடித்ததும் தட்டில் ஜம்பலாயா சோறு போட்டுக் கொடுப்போம். கத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

காவிச்சட்டை_ஆஸ்டின் (22 நவம்பர்)

வாய்க்கால், அப்பாவிடம் உங்கள் யோசனையைச் சொன்னேன். "அந்த ஆளை வந்து புல்லை அளக்கச் சொல்" என்கிறார்.

உட்கார்ந்து பார்க்க முடியுமா? ஏகிகள் உட்காரவே மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அரக்கு_09 (22 நவம்பர்)

மாணவர்கள் உட்கார மாட்டார்கள். முழு ஆட்டமும் நிற்பார்கள். காரணம் 1922. ஜனவரி 2ஆம் தேதி டல்லாஸில் சென்டர் கல்லூரியோடு ஆட்டம். காயத்தால் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த ஈ. கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டுச் சீருடை மாட்டச் சொன்னார்கள். கடைசிவரை அவரை இறக்க வேண்டி வரவில்லை, நாங்கள் 22–14 என்று ஜெயித்தோம். ஆனால் ஆட்டம் முடியும்போது ஓரத்தில் தயாராக நின்றிருந்தவர் அவர் ஒருவர்தான். ஆடுவது பதினொரு பேர்; "பன்னிரண்டாவது ஆள்" என்று மைதானம் முழுக்க எழுதியிருப்பது அவரை வைத்துத்தான். கூப்பிட்டால் இறங்கத் தயார் என்று காட்டத்தான் மாணவர்கள் நிற்கிறார்கள்.

எதிரணிப் பகுதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் உங்கள் ஆட்களும் எழுந்து நிற்பார்கள், முன்வரிசை நின்றால் பின்வரிசைக்கு வேறு வழியில்லை. அப்பாவை வரிசையின் ஓர இருக்கையில் வையுங்கள். படி ஏறாமல் சரிவுப் பாதையில் மெதுவாகப் போகலாம், ஒரு மணி நேரம் முன்னதாகவே வாருங்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், காரில் மறந்தது மறந்ததுதான்.

டிக்கெட் போனில்தான். மைதானத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சிக்னல் படுத்துவிடும், வீட்டிலேயே வாலட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது செல்லாது. பேட்டரி பேங்க் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

சோளக்காடு (23 நவம்பர்)

அப்பாவுக்கு ஆட்டம் புரிய வேண்டுமே! நான் அயோவாவில் என் மாமாவுக்குப் புரிய வைத்த விதத்தைச் சொல்கிறேன், ராணுவக்காரருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இது பந்து விளையாட்டே இல்லை, நிலம் பிடிக்கிற சண்டை. நாலு தாக்குதலுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. முடியாது என்று தோன்றினால் நாலாவதில் பந்தைத் தூர உதைத்து, எதிரியைப் பின்னால் தள்ளிவிட்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டும். துணிந்து நாலாவதிலும் தாக்கி மாட்டிக்கொண்டால், நிற்கிற இடத்திலேயே எதிரி கையில் பந்து. இவ்வளவு போதும். கொடி விழும்போதெல்லாம் ஏன் என்று கேட்காமல் இருக்கச் சொல்லுங்கள், நமக்கும் தெரியாது.

கடிகாரம் 60 நிமிடம் என்று நம்பாதீர்கள். மூன்றரை மணி நேரம் ஆகும்.

இழைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: எதிரணி ரசிகராகப் போவதென்றால் ஒருமுறை அயோவா சிட்டிக்கு வாருங்கள். முதல் குவார்ட்டர் முடிந்ததும் மைதானமே திரும்பி, பக்கத்தில் உயர்ந்து நிற்கிற குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துக் கையாட்டும். ஜன்னலில் பிள்ளைகள் திரும்பக் கையாட்டுவார்கள். 2017இல் ஆரம்பித்தது. வந்த அணியும் அதன் ரசிகர்களும்கூடச் சேர்ந்து ஆட்டுவார்கள்.

அரக்கு_09 (23 நவம்பர்)

இன்னொன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நாங்கள் டச்டவுன் போட்டால், அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால், ஜோடியாக வந்தவர்கள் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். மரபு. வெள்ளிக்கிழமை நள்ளிரவு மைதானத்தில் யெல் பிராக்டிஸ் (கோஷம் போடும் பயிற்சி) நடக்கும், அதிலும் ஒரு கட்டத்தில் விளக்கை அணைப்பார்கள், அதுவும் அதற்குத்தான். அப்பாவோடு வருகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஹூஸ்டன்_மாமி (23 நவம்பர்)

என் பையன் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

அரக்கு_09 (23 நவம்பர்)

மாமி, நான் எதுவும் சொல்லவில்லை.

வாய்க்கால்_வரப்பு (24 நவம்பர்)

இதோ பாருங்கள், போன மாதம் ஜார்ஜியா ஆட்டத்தில் ஆஸ்டின் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாட்டில் எறிந்து, அதற்கு எஸ்.இ.சி இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. இந்தக் கூட்டம் அந்த ஊருக்குப் போனால் என்ன ஆகும்?

காவிச்சட்டை_ஆஸ்டின் (24 நவம்பர்)

அன்று நான் அங்கே இருந்தேன். எனக்கு மூன்று வரிசை முன்னால் நின்றவன் எறிந்தான். நடுவர்கள் கொடுத்த தீர்ப்பு தப்புதான், அதற்குப் பாட்டில் பதில் ஆகாது. எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள்.

ஹூஸ்டன்_மாமி (25 நவம்பர்)

பார்க்கிங் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. பல்கலைக்கழக இடங்கள் முன்பதிவு செய்தவர்களுக்கு. புல்வெளி வீடுகளில் அட்டை மாட்டி இடம் தருவார்கள், அன்று காலையில் விலை ஏறிக்கொண்டே போகும். போன வருடம் ஒரு கடையின் பின்புறம் "எல்லோரும் விடுகிறார்களே" என்று என் தங்கை வண்டியை விட்டாள். ஆட்டம் முடிந்து வந்தால் வண்டி இல்லை, இழுத்துப் போயிருந்தார்கள். நடுராத்திரி ஒரு மணிக்குப் பட்டுப்புடவை விலை கொடுத்து மீட்டோம். பலகையைப் படிக்காமல் எங்கும் விடாதீர்கள். மைதானத்திலிருந்து தள்ளி, நீங்கள் திரும்ப வேண்டிய சாலையின் பக்கமே விடுங்கள். உங்களுக்கு ஆஸ்டின் போக 21ஆம் நெடுஞ்சாலை, அதனால் பிரையன் பக்கம். ஒன்றரை மைல் நடை ஆகும், ஆனால் கூட்டம் கலைகிற நேரத்தில் அந்த ஒன்றரை மைலைக் கடக்கக் காரில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அரக்கு_09 (25 நவம்பர்)

மாமி சொன்னது நூற்றுக்கு நூறு. 21இல் வரும்போது கால்டுவெல்லில் நிறுத்திக் கொலாச்சி பன் வாங்குங்கள். செக் நாட்டுக்காரர்கள் குடியேறிய ஊர். ஆப்ரிகாட் வைத்தது சைவம், தொத்திறைச்சி வைத்ததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

நேரம் இருந்தால் வளாகத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பான்ஃபயர் நினைவிடத்துக்கும் போங்கள். உங்கள் ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் வருடாவருடம் மரக்கட்டைகளை அடுக்கி எரித்துக்கொண்டிருந்தோம். 1999 நவம்பர் 18 அதிகாலை 2:42க்கு அந்த அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம். எட்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் உங்கள் பல்கலைக்கழக வாத்தியக் குழு வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றிவிட்டு அஞ்சலி வாசித்தது. நான் அப்போது பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் டிவிக்கு முன்னால் யாரும் பேசவில்லை. "டி.யூ."வைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் அந்த ஒன்றை மட்டும் தொடமாட்டேன்.

காவிச்சட்டை_ஆஸ்டின் (2 டிசம்பர் 2024)

போய்வந்தாயிற்று. 17–7 என்று ஜெயித்தோம். அரக்கு, மன்னிக்கவும் என்று சொல்லமாட்டேன்.

பிரையன் பக்கம் வண்டியை விட்டோம், ஒரு வீட்டுக்காரர் அம்மாவிடம் பணம் கொடுத்து. அந்த அம்மா அரக்கு நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். அப்பா காவிச் சட்டை. ஆளையும் சட்டையையும் பார்த்துவிட்டு, "கடைசியில் விடுங்கள், முதலில் வெளியே எடுக்கலாம்" என்று இடம் மாற்றிக் கொடுத்தார். டிக்கியில் தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அப்பா ஒரு துளி ஊறுகாயைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த மனிதர் அழுதுகொண்டே பிரிஸ்கெட் கொண்டுவந்தார். அப்பா சாப்பிடுவார், நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன். ராணுவத்தில் இருந்தவருக்கு எல்லாம் பழக்கம் என்று இரண்டு துண்டு தின்றார்.

எம்.எஸ்.சி கதை. அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லா, அதையும் போட்டுக்கொண்டுதான் வந்தார். உள்ளே நுழையும்போது எனக்கே மறந்துவிட்டது. சீருடையில் இருந்த ஒரு பையன், முழங்கால்வரை பழுப்பு பூட்ஸ், வந்து "எக்ஸ்கியூஸ் மீ சர், உங்கள் தொப்பி" என்றான். எதற்கு என்று அப்பா என்னிடம் தமிழில் கேட்டார். போரில் இறந்தவர்களுக்காக என்றேன். குல்லாவை மெதுவாக உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தப் பையனுக்கு ஒரு சல்யூட். பையன் ஒரு நொடி தடுமாறி, பதில் சல்யூட் வைத்தான். அப்புறம் அவன் பூட்ஸ் பாலிஷைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரணை நடந்தது. அவனைப் போன்ற காடட்கள் (ராணுவப் பயிற்சி மாணவர்கள்) அணிவகுத்து மைதானத்துக்குள் போனதை இரண்டு முறை பார்த்திருந்தால் அப்பா ஆட்டத்தையே பார்க்காமல் திரும்பியிருப்பார்.

மைதானத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே அவர்களுடைய நாய்களின் கல்லறை இருக்கிறது. ரெவல்லி என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த நாய்கள். செத்துப்போன நாய்களுக்கு ஸ்கோர் தெரிய வேண்டும் என்று வெளியே ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறார்கள். இதை யாருமே இங்கே சொல்லவில்லையே?

மேலடுக்கு ஆடியது. முதலைக்குட்டி சொன்னது பொய்யில்லை. அப்பா கம்பியைப் பிடிக்கவில்லை, என்னைப் பிடித்துக்கொண்டார். காதில் பஞ்சு வைத்திருந்தோம், அதுவும் போதவில்லை. ஒரு மணி நேரம் நின்றார், அப்புறம் ஓர இருக்கையில் உட்கார்ந்து, எனக்கும் முன்னால் நின்றவருக்கும் இடையே இருந்த சந்தில் பார்த்தார். அரக்கு, நீங்கள் ஒரே ஒரு டச்டவுன் போட்டதால் அப்பா தரையைப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பமும் ஒரே ஒருமுறைதான் வந்தது.

நான்காம் குவார்ட்டரில் எங்கள் உதையைத் தடுத்து, கோட்டுக்கு ஒரு எட்டு பக்கத்தில் வந்துவிட்டார்களே, அப்போது அப்பா எழுந்துவிட்டார். நாலாவது தாக்குதல். "நேராத்தான் வருவான், நடுவில ஆளைப் போடு" என்று தமிழில் கத்தினார். நேராகத்தான் வந்தார்கள், மடக்கிவிட்டோம். பக்கத்தில் இருந்த காவிச் சட்டைக்காரர் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் ஒரு மொழியும் பொது இல்லை.

வெளியே வரும்போது மாமி சொன்ன கருப்பு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். "எதுக்கு?" என்றார், போட்டுக்கொள்ளவில்லை. நடந்த ஒன்றரை மைலில் இரண்டு இடத்தில் ஏதோ கத்தினார்கள். ஒரு பெரியவர் நின்று கைகுலுக்கி "பத்திரமாக ஓட்டுங்கள்" என்றார். வீடு வந்து சேர மணி இரண்டரை. முழங்காலுக்கு இன்றுவரை தைலம் போடுகிறோம்.

ஹூஸ்டன்_மாமி (2 டிசம்பர்)

ஜாக்கெட் யாருக்காக என்று இப்போது தெரிந்திருக்குமே, உங்கள் பயத்துக்கு. பரவாயில்லை, நானும் அப்படித்தான்.

அரக்கு_09 (3 டிசம்பர்)

மூன்று நாள் இந்த இழையைத் திறக்கவில்லை. நாய்ப் பலகையைச் சொல்லாதது என் தப்பு. அன்று இரவு அந்தப் பலகையை நாய்களும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வருடம் ஆட்டம் ஆஸ்டினில். நான் என் மாமனாரோடு வருகிறேன். பார்க்கிங் எங்கே?

காவிச்சட்டை_ஆஸ்டின் (3 டிசம்பர்)

கேபிடல் பக்கத்தில் இருக்கிற மாநில அரசின் அடுக்குக் கார் நிறுத்தங்கள், பணம் கட்டி விடலாம், அங்கிருந்து மைதானம் நடை தூரம்தான். ஐ–35 பக்கம் மட்டும் திரும்பாதீர்கள். அரக்குச் சட்டையே போட்டு வாருங்கள், ஊறுகாய் இருக்கும்.